அன்னையின் காலடி

தாயின் காலடியின் சிறப்பை மேடைதோறும் கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. மீலாது விழாக்களிலும் மணவிழாக்களிலும் அதனைப் பேசாத பேச்சாளர் இல்லை. ஆனால், அந்தக் காலடி ஒரு நாள் எடுத்து வைக்க இயலாமல் நின்றுவிட்டால், அதனை மீண்டும் ஓரடி முன்னே வைக்கச் செய்வதற்குப் பிள்ளைகள் ஆற்ற வேண்டிய பணி யாது என்பதை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை. அனுபவமே நமக்கு அதைக் கற்பித்தது. நம்மைப் போன்ற குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தில் அதனை இங்கே எழுதுகிறோம்.

2022-ஆம் ஆண்டு அக்டோபரில், 78 வயது நிரம்பிய நம் அன்னையார் சுபுஹுத் தொழுகைக்காக உளூச் செய்துவிட்டுத் திரும்புகையில், முற்றத்து ஈரத்தில் வழுக்கி வீழ்ந்தார்கள். வலது தொடை எலும்பின் கழுத்து முறிந்திருப்பதாக எக்ஸ்ரே காட்டிற்று. இடுப்புக் குழியில் பொருந்திச் சுழலும் எலும்புப் பந்தைத் தாங்கி நிற்பது இந்தக் கழுத்து. பந்துக்குச் செல்லும் குருதி பெரும்பாலும் இதன் வழியாகவே செல்கிறது. கழுத்து முறிந்து விலகிவிட்டால் அந்த ஓட்டம் தடைப்பட்டுப் பந்தே உயிரற்றுப் போகக்கூடும். ஆகவேதான் இளைஞருக்கு எலும்பை இணைத்துத் திருகாணி பொருத்தும் மருத்துவர்கள், முதியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தொன்றை வைக்கிறார்கள். நம் அன்னையாருக்கும் அவ்வாறே செய்தார்கள்.

அறுவை முடிந்த மறுநாளே எழுந்து நிற்க வேண்டும் என்றார் மருத்துவர். இதைக் கேட்டு உறவினர்கள் திகைத்தனர். நலம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரும், "இந்த வயதில் அவர்களை ஏன் வாட்டுகிறீர்கள்? படுத்து ஓய்வெடுக்கட்டுமே, பெற்ற தாய்க்கு இதுகூடச் செய்யக் கூடாதா?" என்று நம்மைக் கடிந்துகொண்டனர். அவர்களின் அன்பில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு கேட்ட ஓய்வுதான் முதியவர்களுக்குப் பகை. படுத்தே கிடப்பவரின் கால் நாளங்களில் குருதி உறைகிறது. நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் காண்கிறது. முதுகிலும் குதிகாலிலும் புண் தோன்றுகிறது. தசை நாளுக்கு நாள் கரைகிறது. இடுப்பு முறிந்த முதியவர்களில் பலரின் உயிருக்கு முறிவைவிடப் படுக்கையே அதிக ஆபத்தாக முடிகிறது. தாயைப் படுக்க வைத்துப் பணிவிடை செய்வது எளிது. அவர்கள் வலியால் முகம் சுளிப்பதைக் கண்டுகொண்டே எழுப்பி நிறுத்துவதுதான் கடினம். எளிதானதைப் பாசம் என்றும், கடினமானதைக் கொடுமை என்றும் நம் வீடுகளில் பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று, ஆங்கிலத்தில் அச்சிட்ட உடற்பயிற்சித் தாளொன்றை நம் கையில் தந்தார்கள். விளக்கிச் சொல்ல எவருக்கும் நேரமிருக்கவில்லை. அருகில் கிடைத்த இயன்முறை மருத்துவரோ ஆடவர். அன்னையார் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்கள். "காலைப் பிடித்து மடக்க ஓர் ஆணா? அந்தக் கால் நடக்காமலே இருக்கட்டும்." இதனைப் பழைமைப் பிடிவாதம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. உடம்பு பிறர் கைக்குப் போய்விட்ட வேளையில், தமக்கென மிஞ்சியிருந்த ஒன்றை அவர்கள் காத்துக்கொள்ள விரும்பினார்கள். பல இடங்களில் விசாரித்து, ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிக்கு அருகே சிறிய பயிற்சிக்கூடம் நடத்திவந்த ஒரு பெண்மணியைக் கண்டோம். வாரத்துக்கு மூன்று நாட்கள் வரச் சொன்னார்.

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே காவிரி ஒன்றுதான். ஆனால், 1976-இல் கட்டப்பட்ட காவிரிப் பாலம் பழுது பார்ப்பதற்காக அப்போது மூடப்பட்டிருந்தது. சென்னைப் புறவழிச் சாலையில் ஏறி, திருவானைக்கோவிலைச் சுற்றிக்கொண்டு கார் செல்ல வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி குலுங்கும்போதெல்லாம் அன்னையார் கண்களை மூடிக்கொள்வார்கள். பாலத்தின் தேய்ந்த தாங்கிகளையும் இணைப்புகளையும் எடுத்துவிட்டுப் புதியன பொருத்துகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்துக் காட்டினோம். "அதற்கும் மூட்டு மாற்றுகிறார்களா, தம்பி? முதலில் எழுந்து நிற்பது அதுவா, நானா, பார்ப்போம்" என்றார்கள். வீழ்ந்த நாளுக்குப் பிறகு அவர்கள் சொன்ன முதல் வேடிக்கைச் சொல் அதுதான். காரோட்டி உட்பட அனைவரும் சிரித்தோம்.

பயிற்சி என்றதும் பெரிய கருவிகளை எதிர்பார்த்துச் சென்ற நமக்கு, அங்கிருந்த ஒரு கட்டிலும், இரண்டு கைப்பிடிக் கம்பிகளும், நான்கு மரப்படிகளும் வியப்பளித்தன. பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். முழங்காலின் கீழ்ப்புறத்தைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துதல். குதிகாலை இழுத்து மடக்குதல். காலைப் பக்கவாட்டில் விலக்குதல். நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து அமர்தல். நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து நோயுற்ற கால், பிறகு நல்ல கால். படியேறுகையில் நல்ல கால் முன்னே. இறங்குகையில் நோயுற்ற கால் முன்னே. அவ்வளவே. ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாக மூன்று முறை செய்யுமாறு அப்பெண்மணி கூறினார். அன்னையார் தம் தஸ்பீஹ் மணியை வெளியே எடுத்து, "முப்பது என்ன கணக்கு? பதினொன்று பதினொன்றாக மூன்று முறை செய்கிறேன், முப்பத்து மூன்று ஆகட்டும்" என்றார்கள். பிறகு அந்தக் கூடத்தில் அவர்களுடைய கணக்கு என்றும் அதுவாகவே இருந்தது.

அதே நேரத்தில் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட ஸ்ரீரங்கத்து அம்மையார் ஒருவரும் அங்கே வருவார். வைகுண்ட ஏகாதசிக்குள் கோயில் பிரகாரத்தில் தாமே நடந்துவிட வேண்டும் என்பது அவருடைய வேட்கை. நம் அன்னையாரை அவர் "பாயம்மா" என்பார். அவரை நம் அன்னையார் "மாமி" என்பார்கள். கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்குச் சன்னிதி இருப்பதையும், அதன் பொருட்டுப் பெருமாளுக்கு ரொட்டி படைக்கும் வழக்கத்தையும் எடுத்துச் சொல்லி, "உங்கள் வீட்டுப் பெண்ணை எங்கள் வீட்டில் நன்றாகத்தான் வைத்திருக்கிறோம்" என்று ஒரு நாள் அவர் சிரித்தார். "அப்படியானால் நாம் சம்பந்திகள், யார் முதலில் கைத்தடிக்கு வருகிறோம் என்று பந்தயம்" என்றார்கள் அன்னையார். ஒருவருக்கு வலி மிகுந்த நாளில் மற்றவர் உரக்க எண்ணுவார். 2023 ஜனவரி 2-ஆம் நாள் ஏகாதசிக் கூட்டத்தால் பயிற்சிக்கூடம் அடைத்திருந்தது. நம் வீட்டுக் கட்டிலில் பயிற்சி செய்துகொண்டிருந்த அன்னையார் நிறுத்திவிட்டு, "மாமி இன்று நடந்திருப்பார்களா?" என்று கேட்டார்கள். நடந்திருந்தார். அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார்.

அன்னையாரின் வேட்கை வேறு. வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, "மீண்டும் தரையில் நெற்றி வைத்து நான் எப்போது தொழுவேன்?" என்று அவர்கள் கேட்டார்கள். மருத்துவர் சொல்லியிருந்த விதிகள் கடுமையானவை. இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது, தாழ்வாக அமரக் கூடாது, குந்தக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. மீறினால் உலோகப் பந்து குழியிலிருந்து நழுவக்கூடும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தரையில் படிந்துவந்த நெற்றி அது. நாற்காலியில் அமர்ந்து, சைகையால் ருகூவும் ஸுஜூதும் செய்வது தொழுகையாகுமா என்ற ஏக்கத்தில் அவர்கள் உணவைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள்.

நாம் ஆலிம் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமரவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று மார்க்கம் தந்திருக்கும் சலுகையை அவர் விளக்கினார். இயன்றவரை நிற்பதும் இயலாததைச் சைகையால் நிறைவேற்றுவதும் குறைவான தொழுகை அல்ல என்றார். அன்னையார் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்படியானால் நிற்கும் பகுதியை நான் நின்றே தொழுவேன், அதற்கு எத்தனை நிமிடம் நிற்க வேண்டுமோ அத்தனை நிமிடம் நிற்கக் கற்றுக் கொடுக்கச் சொல்" என்றார்கள். மறுநாள் நாம் இதைக் கூறியதும், பயிற்சி தரும் பெண்மணி தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்று முதல் பயிற்சிக்கு ஓர் இலக்கு கிடைத்துவிட்டது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என நாட்கள் நகர்ந்தன. 2023 மார்ச்சில் பாலமும் திறந்தது. அதே மாதம் 24-ஆம் நாள் ரமளான் பிறந்தது. தராவீஹின் முதல் இரண்டு ரக்அத்துகளில், நாற்காலியைப் பின்னே வைத்துக்கொண்டு, நிற்க வேண்டிய நேரமெல்லாம் அன்னையார் நின்றார்கள். எஞ்சியவற்றை அமர்ந்து தொழுதார்கள். தரையில் நெற்றி வைக்கும் பேறு திரும்பவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதுமில்லை. ஆனால் சுருட்டி வைத்த பழைய தொழுகை விரிப்பைப் பிறருக்குக் கொடுத்துவிடவும் அவர்களுக்கு மனமில்லை.

இக்காலத்தில் நாம் கண்ட மற்றொன்றையும் சொல்ல வேண்டும். முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், கேள்விகள் எல்லாம் துணைக்குச் சென்றவரை நோக்கியே வருகின்றன. "இவர்களுக்கு வலி எப்படி? இரவில் தூங்குகிறார்களா?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். அடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு முறை அன்னையாரே குறுக்கிட்டு, "கால் என்னுடையது, என்னைக் கேளுங்கள்" என்றார்கள். மருத்துவர் நகைத்துவிட்டுத் தம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதன் பின் கிடைத்த செய்தி, நாம் அதுவரை அறியாதது. படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிவருவது பல மாதங்களாகவே உண்டாம். இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றினார். வீழ்ச்சிக்கு ஈரத் தரை மட்டுமே காரணம் என எண்ணியிருந்தோம். மாத்திரைக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம் என்றார். பேச விட்டிருந்தால் வெளிவந்திருக்கும் செய்திகள் எத்தனை வீடுகளில் இப்படிப் புதைந்து கிடக்கின்றனவோ!

எலும்பு எளிதில் முறிந்ததற்குக் காரணம் அதன் தேய்மானம். மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு விரைந்து அடர்த்தி இழக்கிறது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டிலும், வீட்டுக்குள்ளேயே வாழும் பெண்களிடத்தில் வைட்டமின் டி குறைவு மிகுதி. வாரம் ஒரு முறை விழுங்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஓதியபடி அமர்ந்திருக்கும் வழக்கமுடைய அன்னையாருக்கு இது இயல்பாகவே பொருந்திற்று. வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். குந்தும் கழிப்பறை உயர்ந்த இருக்கையாயிற்று. சுவரில் கைப்பிடிக் கம்பி ஏறிற்று. வழுக்கும் கால்மிதிகள் வெளியேறின. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரிகிறது. இவற்றுக்கு ஆன செலவு, அறுவைக்கு ஆன செலவில் மிகச் சிறு பங்கு. வீழ்ந்த பின் செய்ததை வீழும் முன்னரே எல்லா வீடுகளிலும் செய்துகொள்ளலாம்.

பணிவிடையின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதையும் மறைக்கலாகாது. நம் சகோதரர்கள் இருவர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். மாதம் தவறாமல் பணம் வந்தது. நாள் தவறாமல் தொலைபேசி வந்தது. ஆனால் நள்ளிரவில் எழுந்து கழிப்பறைக்கு அழைத்துச் சென்றவர், குளிப்பாட்டியவர், உளூவுக்குத் தண்ணீர் வார்த்தவர் நம் இல்லாள். பெற்ற பிள்ளைகளுக்கு ஊரார் வழங்கிய பாராட்டில் மருமகளின் பெயர் இடம்பெறவில்லை. அன்னையார் மட்டும் மறக்கவில்லை. கைத்தடியுடன் நடக்கத் தொடங்கிய நாளில் அவர்கள் முதலில் சென்ற இடம் அடுப்படி. "இன்றைக்குத் தேநீர் நான் போடுகிறேன், நீ உட்கார்" என்று மருமகளை அமர வைத்தார்கள்.

வசதி குறைந்தவர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, 1997-இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. எலும்பு முறிவுக்கும் இயன்முறைக்கும் அங்கே சிகிச்சை உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைப் பயிற்சியை இல்லத்துக்கே வந்து தரவும் ஏற்பாடு இருக்கிறது. முதுமைக்கென்று தனி மருத்துவம் உண்டு என்பதை நம் நாட்டுக்கு உணர்த்தியவரும் தமிழகத்தவரே. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கிய டாக்டர் வ.செ. நடராசன், 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தர 2007-இல் சட்டமும் வந்தது. ஆயினும் சட்டத்தால் பணத்தை வாங்கித் தர முடியுமேயன்றி, காலை ஆறு மணிக்குக் கட்டிலருகே நின்று பதினொன்று வரை எண்ண முடியாது.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் வயது முதிர்ந்த அன்னையார் இருப்பார்களாயின், இன்றே அவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எழும்போது தலை சுற்றுகிறதா? இரவில் வழி தெரிகிறதா? மீண்டும் செய்ய வேண்டும் என்று ஏங்கும் செயல் எது? முதலிரண்டும் அவர்களை வீழாமல் காக்கும். மூன்றாவது, வீழ்ந்தால் எழுப்பும். நிற்க வேண்டும் என்ற ஏக்கம் இல்லாத காலுக்கு எந்தப் பயிற்சியும் பயன் தராது. அந்த ஏக்கத்தைக் கேட்டறியாத பிள்ளையின் பணிவிடையும் முழுமை பெறாது. பெற்றோர் உடல் நலத்துடனும் மான உணர்வுடனும் முதுமையைக் கழிக்கவும், அவர்கள் அடி எடுத்து வைக்கும்போது அருகே நிற்கும் பொறுமை நமக்கு வாய்க்கவும் வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக.