எட்டுச் சுற்று

 

போன புதன்கிழமை பாடசாலை விட்டு விசுவமடுவிலிருந்து பரந்தன் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். தருமபுரம் கிட்ட வரும்போது ஸ்டியரிங் நடுங்கியது. இடது முன்சில்லில் டக் டக் என்று சத்தம். ஓரங்கட்டிப் பார்த்தால் நாலு நட்டில் ஒன்றைக் காணவில்லை. இரண்டு, விரலாலேயே சுழன்றன.

அந்த நேரம் ஏ35 வீதி முழுக்க சைக்கிளில் வீடு திரும்பும் எங்கள் பிள்ளைகள். சில்லு கழன்று ஓடியிருந்தால்? அல்லாஹ்தான் காப்பாற்றினான்.

பிழை என்னுடையதும்தான். என் கொரோலா 121க்கு அகலமான அலோய் சில்லு வாங்கினேன். உள்பக்கம் உரசியது. ஒரு கராஜில் 10 மில்லிமீற்றர் ஸ்பேசர் வைத்துப் பூட்டித் தந்தார்கள். சில்லு 10 மில்லிமீற்றர் வெளியே வந்தது, ஸ்டட் நீளவில்லை. நட்டுக்குக் கிடைத்தது மூன்று நாலு புரிதான். கணக்குப் படிப்பிக்கிற நான் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

கணக்கு இதுதான். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு நட்டு ஏற வேண்டும். இந்தக் காரில் விட்டம் 12 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.5. வகுத்தால் 8. நட்டு எட்டு முழுச் சுற்று ஏறாவிட்டால் நீளமான ஸ்டட் போடுங்கள், இல்லையேல் ஸ்பேசரைக் கழற்றுங்கள்.

ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். பூட்டுமுன் ஹப்பின் துருவைச் சுரண்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் வேண்டவே வேண்டாம்.

அடப்டர் வேறு. அதை முதலில் ஹப்பில் பூட்டி, சில்லை அடப்டரின் சொந்த ஸ்டட்டில் பூட்டுவார்கள். காரின் ஸ்டட் நுனி அடப்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டு சில்லில் முட்டினால், சில்லு பொருந்தி உட்காராது.

நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். ஸ்பேனரில் ஏறி மிதிப்பது அளவல்ல. டோர்க் ரென்ச் கேளுங்கள். என் காருக்கு 103 நியூட்டன் மீற்றர். 100 கிலோமீற்றருக்குள் திரும்பவும் பாருங்கள். அடப்டர் என்றால் சில்லைக் கழற்றி உள்நட்டையும் பார்க்க வேண்டும்.

நான் ஸ்டட் நாலையும் மாற்றி, பழைய சில்லையே போட்டுவிட்டேன். அழகு கொஞ்சம் குறைவுதான்.

ஸ்பேசர் போட்ட தம்பிமாரே, இன்றைக்கே காரை நிறுத்திவைத்து ஒரு நட்டைக் கழற்றி எண்ணிப் பாருங்கள். எட்டு வருகிறதா? அந்த வீதியில் உங்கள் தங்கச்சியும் சைக்கிளில் வருகிறாள்.