இரண்டு அங்குலம் பின்னால்

மார்ச் 8, டிக்கோயா

மருமகன் வாங்கி வந்திருக்கும் ஹொண்டா சிஜி 125 அவனைவிட வயதில் மூத்தது. இலங்கைக்கு வாகன இறக்குமதி 2020இல் நின்றுபோய், 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குக் கதவு திறந்தது. அதற்குள் கொட்டில்களில் துருப்பிடித்துக் கிடந்த பழைய பைக்குகளுக்கெல்லாம் மவுசு வந்துவிட்டது. இந்தப் பைக்கை அவனுக்குக் கஃபே ரேசர் ஆக்க வேண்டுமாம். டேங்க் கறுப்பாகிவிட்டது, சீட் ஒற்றையாகிவிட்டது. மிச்சம் இருப்பது புட்ரெஸ்ட்.

"கால் பின்னுக்குப் போனாத்தான் மாமா ஸ்டைலு."

சிஜியில் இரண்டு பக்கத்துப் புட்ரெஸ்டும் ஒரே இரும்புக் கம்பி. எஞ்சினுக்கு அடியில் நாலு போல்ட்டில் நிற்கிறது. கழற்றுவது நிமிட வேலை. கழற்றிய பிறகு புதியதை எதில் பூட்டுவது? பின்னால் இருப்பவருக்கான புட்ரெஸ்ட் ஸ்விங் ஆர்மிலேயே இருக்கிறதே, அதில் காலை வைத்தால் போதாதா என்கிறான். ஸ்விங் ஆர்ம் சில்லோடு சேர்ந்து ஏறி இறங்குவது. பாதையின் ஒவ்வொரு கல்லும் நேராக முழங்காலுக்கு வரும்.

மார்ச் 10

இந்தப் பின்தள்ளிய புட்ரெஸ்ட் எங்கே பிறந்தது என்பதை அவனுக்குச் சொன்னேன். லண்டனின் நோர்த் சேர்குலர் வீதியில் 1938இல் திறந்த ஏஸ் கஃபே போன்ற கடைகளின் வாசலில், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கூடிய பையன்களின் ஆசை மணிக்கு 100 மைல். அந்த வேகத்தில் காற்றுதான் எதிரி. ஹேண்டிலைத் தாழ்த்தி, நெஞ்சை டேங்கில் படுக்க வைத்தார்கள். உடம்பு முன்னால் சாய்ந்தால் கால் பின்னால் போயாக வேண்டும்.

அட்டனிலிருந்து நோர்வூட் போகிற வளைவுகளில் நாம் எந்தக் காற்றைக் கிழிக்கப் போகிறோம்? தார் வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் இறங்கினால் கல்லும் மழைத் தண்ணீர் அரித்த பள்ளமும்தான். அங்கே சீட்டிலிருந்து எழும்பி, புட்ரெஸ்டில் நின்று ஓட்ட வேண்டும். கால் மிகவும் பின்னால் இருந்தால் நிற்க முடியாது. கைதான் பாரம் சுமக்கும். ஏற்றத்திலோ பாரம் பின்னால் போய் முன் சில்லு பிடிமானம் இழக்கும். நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றப் பந்தயம் நடக்கிறது. தேயிலை நடுவே வளைந்து ஏறுகிற அந்தத் தாரில் படுத்து ஓட்டலாம். லயத்துப் பாதையில் படுத்தால் படுத்ததுதான்.

பழைய படங்களில் தோட்டத்துச் சின்னத் துரைமார் மோட்டார் சைக்கிளில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். துரைத்தனம் என்றே நினைத்திருந்தேன். பாதிக்குமேல் அது பாதையின் வேலையாக இருக்க வேண்டும்.

மார்ச் 13, போயா

கராஜ் பூட்டு. மெக்கானிக் பாஸின் வீட்டு முற்றத்தில், புட்ரெஸ்டைத் தாங்கப்போகும் தட்டுக்கு அட்டையை வெட்டி அளவு பார்த்தோம். மருமகன் கேட்டது ஆறு அங்குலம். பாஸ் அவனைப் பைக்கில் ஏற்றி, கண்ணை மூடி எழும்பி நிற்கச் சொன்னார். கால் தானாகப் போய் நின்ற இடத்தில் சாக்கட்டியால் கோடு. இரண்டு அங்குலம் பின்னால், ஓர் அங்குலம் மேலே. பையனின் முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு என் கணக்கு. 70 கிலோ ஆள் ஒரே காலில் நிற்கிறான். புட்ரெஸ்ட் தட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டியிருக்கிறது. தட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டும் மேலும் கீழுமாக 4 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், மேல் போல்ட்டை ஏறக்குறைய 175 கிலோ இழுக்கும். இடைவெளியை 7 ஆக்கினால் 100 கிலோ. பள்ளத்தில் விழும்போது இது பல மடங்கு. போல்ட்டைத் தடிப்பாக்குவதற்கு முன் தூரமாக்கு என்பதே விஷயம். பாஸ் கணக்கைப் பார்க்கவேயில்லை. அவர் அட்டையில் ஏற்கனவே தூரமாகத்தான் துளை போட்டிருந்தார்.

மார்ச் 16

வெல்டிங். முதலில் பாஸ் பட்டரி வயரைக் கழற்றினார். சட்டகத்தின் மெல்லிய குழாயில், தட்டைப் பூட்டும் காதை நேராக ஒட்டினால், ஒட்டு நிற்கும். அதன் ஓரத்தில் சூடு தின்ற இரும்புதான் வெடிக்கும். அதனால் குழாயைச் சுற்றி ஒரு தகட்டுப் பட்டை, அதன் மேல் காது, கீழே முக்கோணத் தாங்கு. 6 மில்லிமீட்டர் இரும்புத் தட்டு. அலுமினியம் பளபளக்கும்தான், ஆனால் வளைந்தால் தோட்டத்தில் சுத்தியலால் நிமிர்த்த இரும்பே நல்லது.

தலைவலி பிரேக்கில் வந்தது. பின் பிரேக்குக்குக் கம்பி. மிதியின் அச்சு ஸ்விங் ஆர்ம் அச்சுக்குத் தூரமாக இருந்தால், சில்லு மேலெழும்போது கம்பி தானாக இழுபடும் அல்லது தளரும். மிதிக்காமலே பிரேக் பிடிக்கிற பைக்கை இறக்கத்தில் யார் ஓட்டுவது? ஆகவே மிதியின் அச்சை ஸ்விங் ஆர்ம் அச்சை ஒட்டியே வைத்தோம். தேநீர் இருமுறை ஆறிப்போயிற்று.

கியருக்கு ஒரு சிறு இணைப்புக் கம்பி. அதன் கை மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதைப் பொறுத்துக் கியர் வரிசையே தலைகீழாகும். பூட்டுமுன் கையால் போட்டுப் பார்த்துக்கொண்டோம்.

மார்ச் 22

நோர்வூட் வரை போய், திரும்பும்போது தோட்டப் பாதை. புட்ரெஸ்ட் மேலும் பின்னுமாக மடங்குகிறது. வளைவில் தரையைத் தொட்டாலும் பைக்கைத் தூக்கிப் போடாது. ரப்பரை விட்டுப் பல் வைத்த இரும்பு போட்டோம். மழையில் சப்பாத்து வழுக்கவில்லை, ஆனால் எஞ்சின் நடுக்கம் பாதத்தில் ஏறுகிறது. மருமகன் பரவாயில்லை என்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் எழும்பி நின்று பள்ளங்களைக் கடந்தான். இறங்கியதும் அடுத்த கோரிக்கை: ஹேண்டிலைத் தாழ்த்த வேண்டுமாம். புட்ரெஸ்டை எதற்காக அங்கே வைத்தோம் என்று பாஸ் கேட்டார். பதில் வரவில்லை. மேல் போல்ட்டுகளை ஞாயிற்றுக்கிழமை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.