பிரித்தெழுதுக

ஊர் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தபோது அம்மா கேட்டு எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கிணற்றடி மல்லிகையின் பதியன். சிமெண்டுச் சாக்கில் வந்த அது, வேரோட இடமின்றி மாடிப்படியோரம் வாடிக்கொண்டிருந்தது. நாங்கள் குடியிருப்பதோ பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. மரக்கட்டைகளின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாக அமைந்த தளம் அதிகப் பாரம் தாங்காது என்று கொத்தனார் எச்சரித்தார். எடை குறைந்த தொட்டி ஒன்றை நாங்களே வார்த்துவிடுவது என்று முடிவுசெய்தோம்.

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், சுவரும் அடியும் 5 செ.மீ. கனம். சாதாரணக் கான்கிரீட்டில் இது 80 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே மணலையும் ஜல்லியையும் விலக்கி, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு பெர்லைட்டும் ஒன்றரைப் பங்கு தென்னை நார்த்தூளும் கலந்தோம். எரிமலைக் கண்ணாடியை உலையிலிட்டுப் பொரித்தெடுத்த பொரிதான் பெர்லைட். எடை ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

கலவை எளிது, சென்டரிங் அடிப்பதுதான் கடினம். வெளிப்பெட்டி ஒன்று, அதனுள் உட்பெட்டி ஒன்று, இடைவெளியில் கலவை. பழப்பெட்டிப் பலகைகளைக் கொண்டு இரண்டையும் ஆணியடித்து இறுக்கினோம். அந்த உறுதியில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. மறுநாள் வெளிப்பலகைகள் பெயர்ந்து வந்தன. உட்பெட்டியோ ஈரத்தில் ஊறிப் பருத்து, சுவரைக் கவ்விக்கொண்டு அசைய மறுத்தது. சுத்தியலால் தட்டினோம், தொட்டியின் மூலை பிளந்தது.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "எண்ணெய் தடவாம, திறக்க வழியில்லாம கொழுக்கட்டை அச்சு உண்டா? எடுக்கிறத முன்னாடியே யோசிக்க வேணாமாடா?"

சேர்த்தெழுதுக, பிரித்தெழுதுக என்னும் இரண்டையும் இருபது ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறோம். பெட்டி செய்கையில் முதலாவது மட்டுமே நினைவிலிருந்தது.

இரண்டாம் முறை வழவழப்பான ப்ளைவுட் வாங்கினோம். உட்பெட்டியின் அடியை அதன் வாயைவிட ஒரு செ.மீ. குறுக்கினோம். ஆணிக்குப் பதில், உள்ளிருந்தே கழற்றக்கூடிய திருகாணிகள். ஒரு பக்கப் பலகையை நடுவில் அறுத்து, இடையில் மெல்லிய சட்டம் ஒன்றைச் செருகினோம்; அதை உருவினால் மற்றவை தளர்ந்துவிடும். எண்ணெய் தடவினோம். நீர் வடிய அடியில் பி.வி.சி. குழாய்த் துண்டுகளை நிறுத்தினோம். கலவையில் மிதந்து எழும்பாதிருக்க உட்பெட்டிக்குள் செங்கற்களை அடுக்கினோம்.

மறுநாள் சட்டத்தை உருவியதும் பலகைகள் ஓசையின்றிக் கைக்கு வந்தன. ஏழு நாட்கள் ஈரச்சாக்குப் போர்த்தினோம். பிறகு, சிமெண்டின் காரம் தணிய, பல நாட்கள் நீர் நிரப்பிக் கொட்டினோம். அதன்பின் சுவர் தாங்கும் ஓரமாகத் தொட்டியை மாடியில் வைத்தோம்.

செடியை நடும்போது எங்களை அம்மா நெருங்கவிடவில்லை. சாக்கைச் சிறிது சிறிதாகக் கிழித்து, மண் உதிராமல், ஒரு வேரும் அறாமல் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு இறக்கி வைத்தார்.

ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டிலிருந்து அவரை அழைத்துவர நாங்கள் எடுத்த விடுப்பு இரண்டு நாட்கள்.