நோட்டுல எழுதினீங்களா?

எங்க அப்பாவுக்கு மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு போர்டு இருக்குமாம், கடைசி விபத்து நடந்து எத்தனை நாளாச்சு என்று. ஆனால் அப்பா பெருமையாகச் சொல்வது அந்த போர்டைப் பற்றி இல்லை, ஒரு நோட்டைப் பற்றி. மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்தது, யார் மேலும் படவில்லை என்றால்கூட அதில் எழுதணும். எழுதினவரை யாரும் திட்டக் கூடாது. 'நியர் மிஸ்' என்று அதற்குப் பெயர்.

நான் நர்சிங் மூன்றாம் வருஷம். போன மாசம் ஐசியூ போஸ்டிங். (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.) ஒரு சாயந்திரம், டூட்டி மாறும் நேரம். ஒரு பெரியவருக்கு சிரிஞ்ச் பம்ப்பில் இன்சுலின் போய்க்கொண்டிருந்தது. சார்ட்டில் மணிக்கு 2.0 மில்லி. பம்ப்பில் 20. மறுபடி மறுபடி பார்த்தேன். 'டாக்டர் மாத்தியிருப்பாரோ, நமக்கென்ன தெரியும்' என்று ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இப்போதும் தூக்கத்தில் வருவது அந்த ஒரு நிமிஷம்தான்.

அப்புறம் ஸ்டாஃப் அக்காவிடம் சொன்னேன். ஓடி வந்து பம்ப்பை நிறுத்தினார். புது சிரிஞ்ச் போட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ராத்திரி வரைக்கும் திரும்பத் திரும்ப சர்க்கரை பார்த்தோம். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னே. ஆனா வெளியே சொல்லிடாதேடி, மெமோ குடுத்துடுவாங்க" என்றார். அவர் அலட்சியமான ஆள் இல்லை. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று பாடத்தில் படிக்கிறோம். அன்றைக்கு அவர் ஒருவரே நாலு பேரைப் பார்த்தார்.

இது எங்கள் வார்டு சமாச்சாரம் மட்டுமில்லை என்பது அப்புறம் படித்தபோது தெரிந்தது. அமெரிக்கா, ஐரோப்பா, இஸ்ரேலில் ஆஸ்பத்திரி ஊழியர்களிடமும் விமான ஓட்டிகளிடமும் கேட்டு, 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. ஐசியூ ஊழியர்களில் பாதிப் பேருக்கு மேல், தவறுகளைப் பற்றிப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது என்றார்கள். 2003-இல் டெக்சஸில் இன்னொன்று: நர்சுகளோடு நல்ல ஒத்துழைப்பு இருக்கிறது என்று 73 சதவீத டாக்டர்கள் சொன்னார்கள். டாக்டர்களோடு அப்படி இருக்கிறது என்று சொன்ன நர்சுகள் 33 சதவீதம்தான்! ஒரே அறை, ஒரே நோயாளி. மேலேயிருந்து பார்த்தால் ஒன்று, கீழேயிருந்து பார்த்தால் வேறொன்று.

மாற்ற முடியாதா? முடியும். மிச்சிகனில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டரும் அவர் குழுவும் நூற்றுக்கு மேற்பட்ட ஐசியூக்களில் செய்து காட்டினார்கள். பெரிய ரத்தக்குழாயில் லைன் போடும்போது கை கழுவுவது உட்பட ஐந்தே விஷயங்கள். ஒன்றை விட்டால் டாக்டரை நிறுத்தச் சொல்லும் உரிமை நர்சுக்கு. பதினெட்டு மாதத்தில் லைன் வழியாக வரும் ரத்தத் தொற்று 66 சதவீதம் குறைந்ததாக 2006-இல் எழுதினார்கள். கை கழுவணும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுசு என்னவென்றால், "நிறுத்துங்க சார்" என்று சொன்னவருக்கு மெமோ வரவில்லை.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 2022 நவம்பரில் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயது கால்பந்து வீராங்கனை, கட்டு இறுக்கமாக இருந்து ரத்த ஓட்டம் நின்று, காலை இழந்து, பிறகு இறந்தே போனார். இரண்டு டாக்டர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். யார் செய்தது என்று ஊரே கேட்டது. கேட்க வேண்டியதுதான். ஆனால், 'இந்தக் கட்டு சரியில்லையே' என்று அங்கே ஒருவருக்குத் தோன்றியிருந்தால் அதைப் பயமில்லாமல் சொல்ல வழி இருந்ததா என்ற கேள்வியும் அதே அளவு முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

போன வாரம் புழல் கேம்ப்பில் பஸ் இறங்கி, வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அக்காவைத் திட்டவில்லை. என்னைப் பாராட்டவும் இல்லை. "நோட்டுல எழுதினீங்களா?" என்றார்.

"இல்லப்பா."

"அப்ப காரணம் என்னன்னு யாருக்குத் தெரியும்?"

அப்போதுதான் உறைத்தது. சார்ட்டில் 2.0 என்று எழுதியிருந்ததே, அதில் புள்ளி மங்கல். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக் கூடாது என்பது மருந்து எழுதுவதில் அடிப்படை விதி. வெறும் 2 என்று எழுதியிருந்தால் 20 வந்திருக்காது. மறைத்தது அக்காவின் தவறை மட்டுமில்லை, அந்தப் புள்ளியையும்தான். நேற்றுகூட அந்த வார்டில் ஒரு சார்ட்டில் 4.0 பார்த்தேன்.

திங்கட்கிழமை அக்காவிடம் கேட்கப் போகிறேன், பெயர் போடாமல் இரண்டு பேரும் சேர்ந்து இன்சிடென்ட் ஃபார்ம் எழுதலாமா என்று. சம்மதிப்பாரா தெரியாது. எனக்கும் இன்டர்னல் மார்க் பயம் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டேன்.