காகிதத்தின் அருமை அறிந்த மலைகள்

கொழும்பிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி அவிசாவளையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை எஹெலியகொடை, குருவிட்டை வழியாக இரத்தினபுரியை அடையும். மற்றது எட்டியாந்தோட்டை, கித்துள்கலை கடந்து ஹட்டன் மலைக்கு ஏறும். எவ்வழி சென்றாலும் இறப்பர் மரங்களின் நிழல் நம்மைத் தொடரும். சப்ரகமுவ என்றதும் இரத்தினக் கற்களையும் சிவனொளிபாத மலையையும் நினைப்போர் பலர். விடியுமுன் கத்தியும் வாளியுமாகப் பால்வெட்டச் செல்லும் நம் மக்களை நினைப்போர் சிலரே.

மாசி மாதத்தில் கேகாலை மாவட்டத் தோட்டமொன்றிற்குக் காமன் கூத்துக் காணச் சென்றிருந்தோம். இக்கூத்தில் இரதியின் வேடத்தையும் ஆண்களே தாங்குவது பழைய மரபு. பெண்கள் தம் வளையல்களைக் கழற்றி அந்த இளைஞருக்கு அணிவித்தனர்; தலையிற் பூச்சூட்டினர். சிவனின் நெற்றிக் கண்ணால் காமன் எரிந்து, இரதி புலம்பத் தொடங்கியபோது பாட்டிமார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

அருகில் அமர்ந்திருந்த ஒரு தாய் மெல்லிய குரலிற் சொன்னார்:

"ஐயா, ஒரு நாளைக்குப் பொம்பளை வேசம் கட்டினவனக் கையெடுத்துக் கும்புடுறாங்க. நெசமாவே பொம்பளையா வாழணும்னு சொன்ன எம்புள்ளைய இந்த லயத்துல இருக்க விடலையே!"

வேடம் வேறு, இயல்பு வேறு. இரதியாக ஆடியவர் விடிந்ததும் தம் வேலைக்குச் சென்றுவிடுவார். ஆணென்று பதியப்பட்டுப் பெண்ணாகவே தம்மை உணர்பவரைத் திருநங்கை என்றும், பெண்ணென்று பதியப்பட்டு ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்றும் இன்று மரியாதையுடன் அழைக்கின்றோம். அத்தாயின் பிள்ளை திருநங்கை. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒளிவு மறைவு ஏது? பள்ளியிற் பரிகாசம், பீலிக்கரையில் ஏச்சு. பேய் பிடித்ததென்று மந்திரிப்பும் நடந்தது. இறுதியில் அவர் கொழும்புக்குப் போய்விட்டார். அங்கே வேலை கேட்டாலும் அறை கேட்டாலும், அடையாள அட்டையிலுள்ள பெயர் ஒன்று, எதிரே நிற்கும் முகம் வேறு.

"எங்க போய்க் கேக்குறதுன்னே தெரியல ஐயா" என்றார் தாய்.

அவ்விடத்தில் நம்மால் விடை கூற இயலவில்லை. ஊர் திரும்பியபின் விசாரித்தறிந்து அவருக்குக் கடிதம் எழுதினோம். வேறு குடும்பங்களுக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் இங்கும் தருகின்றோம்.

2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி உளநல வைத்திய நிபுணர் ஒருவர் ஆராய்ந்து, தேவையான சிகிச்சைகளுக்கும் வழிகாட்டி, பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவிலுள்ள பெயரையும் பாலையும் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளலாம். பின்னர் தேசிய அடையாள அட்டையையும் மாற்றலாம். உளநல நிபுணர் என்றதும் பைத்தியமோ என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. 2019இல் உலக சுகாதார சபை ஏற்ற நோய்ப்பட்டியல் இந்நிலையை உளநோய்களின் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மனக்கலக்கம் மிகுந்த வேளையில் 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம்.

துணை நிற்கும் சங்கங்களும் உண்டு. 1995இல் தோன்றிய 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' இத்துறையில் முன்னோடியாக இருந்தது. 2004இல் கொழும்பில் தொடங்கப்பட்ட 'ஈக்குவல் கிரவுண்ட்' மும்மொழியிலும் விளக்க நூல்களை வெளியிட்டிருக்கின்றது. சிங்களத்தில் 'வேறுபாடு' என்று பொருள்படும் 'வெனச' என்ற பெயரில் திருநங்கையரும் திருநம்பியரும் தமக்கெனவே ஓர் அமைப்பைக் கண்டனர். அநீதி நேர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

ஆயினும், மலையிலிருந்து பார்க்கும்போது இவையெல்லாம் தொலைவிலேயே தெரிகின்றன. கொழும்புக்கு ஒருமுறை போய்வந்தால் பஸ் கட்டணத்தோடு ஒரு நாட் சம்பளமும் போகின்றது. தமிழிற் பேசி விளக்குவார் அங்கே இருப்பாரோ என்ற அச்சம் வேறு. தோட்டத்து ஆசிரியரோ, குடும்பநல உத்தியோகத்தரோ, தொழிற்சங்கத் தலைவரோ இந்த வழியை அறிந்து வைத்திருந்து, முதன்முறை உடன் சென்றாலே பாதித் துன்பம் தீரும்.

காகிதம் ஒன்றில்லாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்று மலையகத்தாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் அவர்களைக் கணக்கிட்டுப் பங்கு பிரித்தது. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. பிறந்த மண்ணிலேயே "நீ யார்?" என்ற கேள்விக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் விடை தேடிய சமூகம், அதே கேள்வியைத் தன் பிள்ளையிடம் ஏளனமாகக் கேட்கலாமா?

நம் இலக்கணமும் வழிகாட்டாமல் இல்லை. ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதாரைத் தொல்காப்பியர் தனித்துக் குறிப்பிட்டார். ஆயினும் அவர்களை உயர்திணையிலேயே வைத்தார். இலக்கணம் தந்த இடத்தை லயம் மறுப்பது முறையாகுமா?

சில வாரங்களின் பின் அத்தாயிடமிருந்து பதில் வந்தது. இளைய மகளைக் கொண்டு எழுதுவித்திருந்தார். வைத்தியசாலைக்குத் தாமும் உடன் போவதாகச் சொல்லி, இறுதியில் இவ்வளவே எழுதியிருந்தார்: "வர்ற மாசிக் கூத்துக்கு மூத்த மகளைப் பகல்லயே வரச் சொல்லியிருக்கேன் ஐயா."

அன்று கூத்தடியில் அவர் 'எம்புள்ள' என்றே சொன்னார். கடிதத்தில் 'மகள்' என்று எழுதுவித்திருந்தார். அரசாங்கம் தரும் சான்றிதழுக்குக் காலம் செல்லலாம். முதற் சான்றிதழ் தாயிடமிருந்து வந்துவிட்டது.