ஐயமும் ஐந்து நிமிடமும்

மனிதன் மனிதனை ஐயுறுவது பழைய நோய். இயந்திரத்தின் சொல்லை நம்பி மனிதனை ஐயுறுவது நம் காலத்து நோய். அலுவலகக் கணிப்பொறி ஒருவரை உள்ளே விட மறுத்துவிட்டால் போதும். காரணம் யாதென வினவுவாரில்லை. அவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டார், அவருக்கு வயதாகிவிட்டது என்ற தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. கணிப்பொறிகளைப் பழுது பார்த்துப் பேணும் தொழிலில் பல்லாண்டுகள் கழித்தவன் என்ற முறையில், இத்தீர்ப்பு எத்தனை எளிதாகப் பொய்த்துப்போகக் கூடியது என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

ஒரு கடையில் ஒரே கணிப்பொறி இருந்தால் அதன் சாவி அதனிடமே இருக்கும். ஐம்பது கணிப்பொறிகள் உள்ள நிறுவனத்தில் அவ்வாறு வைப்பது இயலாத காரியம். ஆகவே எல்லாவற்றையும் ஓர் ஆளுகையின்கீழ்க் கொணர்ந்து, ஊழியர்களின் பெயர்களையும் உரிமைகளையும் ஒரு தலைமைப் பொறியிடம் ஒப்படைத்து வைக்கிறார்கள். அந்த ஆளுகையை டொமைன் என்பர். தலைமைப் பொறியை டொமைன் கன்ட்ரோலர் என்பர். காலையில் ஊழியர் தம் மேசையில் அமர்ந்து பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால், அவர் முன்னுள்ள பொறி தானாக முடிவு சொல்வதில்லை. தலைமைப் பொறியைக் கேட்டே கதவைத் திறக்கிறது.

இந்தக் கேள்வியும் பதிலும் நிகழும் முறைக்குக் கெர்பரோஸ் என்று பெயர். கிரேக்கர் கதையில் பாதாளத்தின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. 1978இல் நீதாம், ஷ்ரோடர் என்னும் இருவர் வெளியிட்ட வழிமுறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் இது உருவாயிற்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இதனைத் தன் டொமைன்களில் கைக்கொண்டது.

இம்முறையின் சிறப்பு யாதெனில், ஊழியரின் இரகசியச் சொல் கம்பி வழியே பயணம் செய்வதே இல்லை. கணிப்பொறி அப்போதைய நேரத்தைக் குறித்து, கடவுச்சொல்லிலிருந்து பிறந்த திறவுகோலால் அதனைப் பூட்டி அனுப்புகிறது. தலைமைப் பொறி தன்னிடமுள்ள திறவுகோலால் திறந்து பார்த்து, சரியென்று கண்டால் ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகிறது. இருவருக்கும் நம்பகமான மூன்றாமவர் ஒருவர் சாட்சி கூறுகிறார் என்று கொள்ளலாம். கொடுக்கல் வாங்கலை நீதியுள்ள எழுத்தர் ஒருவரைக் கொண்டு எழுதி வைக்குமாறு திருமறை இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் பணிக்கப்பட்டுள்ள நமக்கு, இந்த ஏற்பாட்டின் நியாயம் விளங்காமற் போகாது.

நேரத்தை ஏன் பூட்டி அனுப்ப வேண்டும்? நேற்று அனுப்பிய மடலை ஒருவன் இடையில் கவர்ந்து வைத்திருந்து, இன்று மீண்டும் அனுப்பி ஏமாற்றக்கூடும் அன்றோ? மடலில் நேரம் குறித்திருந்தால் பழையது இன்னதென்று தெரிந்துவிடும். எனவே இரு கடிகாரங்களும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். பொதுவாக வகுக்கப்பட்டுள்ள எல்லை ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேறுபட்டால் உண்மையான மடலும் பொய்யென ஒதுக்கப்படும்.

இதை முதன்முதலாகப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர்கள் முவக்கித்துகள். பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்வதையே பணியாகக் கொண்ட வானியல் அறிஞர்கள் அவர்கள். திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசலில் அப்பணியாற்றி 1375இல் மறைந்த இப்னு அஷ்ஷாத்திர், 1371-72ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மனாராவுக்கென்று சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். ஒரு ஊர் ஒரே நேரத்தில் வணங்க வேண்டுமாயின் நேரத்தைக் காக்கும் பொறுப்பு ஒருவருக்கு இருந்தாக வேண்டும். டொமைனிலும் அவ்வாறே: தலைமைப் பொறிகளுள் ஒன்று கடிகாரத்தைக் காக்கிறது, மற்றவை அதைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன.

சென்னைப் பெரியமேட்டில் தோல் வணிகம் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை காலை என்னை அழைத்தார்கள். பெருநாள் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த நாள் அது. ஆம்பூரிலுள்ள பதனிடும் தொழிற்சாலையின் வாரக்கூலிப் பட்டியலை முடித்து அனுப்ப வேண்டிய கணக்கர், முப்பதாண்டுகளுக்கு மேல் அங்கு உழைத்தவர், தம் கணிப்பொறிக்குள் நுழைய முடியாமல் நின்றுகொண்டிருந்தார். "பாய்க்கு மறதி வந்துவிட்டது. இதோடு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றார் மேலாளர். அவர் கொடியவர் அல்லர். கூலிக்காகக் காத்திருக்கும் தொழிலாளர்களை எண்ணிப் பதறியவர். கணக்கரோ என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "நான் மறக்கவில்லை தம்பி. அதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்."

இத்தகைய இடத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இதே கணிப்பொறியில் வேறொருவர் நுழைய முடிகிறதா? இதே மனிதர் வேறு கணிப்பொறியில் நுழைய முடிகிறதா? முன்னதற்கு இல்லை என்பது விடையானால் குறை பொறியில். பின்னதற்கு இல்லை என்பது விடையானால் குறை அவருடைய பெயர்க் கணக்கில். அன்று இரண்டிற்கும் இல்லை என்ற விடையே கிடைத்தது. அவருடைய பொறி யாரையும் ஏற்கவில்லை. அவரையோ எந்தப் பொறியும் ஏற்கவில்லை. குறைகள் இரண்டு என்பது அப்போதே தெளிவாயிற்று.

பொறியின் திரையில் தோன்றிய ஆங்கில வாசகத்தை நிதானமாகப் படித்தேன். கடவுச்சொல்லைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தனக்கும் தலைமைப் பொறிக்கும் நேரம் வேறுபடுகிறது என்றே அது சொல்லிற்று. விடுமுறைக்காக மின்சாரத்தை அடியோடு நிறுத்திச் சென்றிருந்தனர். மின்சாரமில்லாத வேளையில் கடிகாரத்தை ஓடச் செய்யும் காசளவு பேட்டரி, 2032 என்று எண்ணிடப்பட்டது, செத்துப்போயிருந்தது. ஆகவே கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிட்டது. தலைமைப் பொறியைப் பார்த்து நேரத்தைத் திருத்தும் சேவையையும் யாரோ முன்னரே நிறுத்தி வைத்திருந்தனர். பொறிக்கே உரிய உள்ளூர்க் கணக்கின் வழியாக நுழைந்து நேரத்தைத் திருத்தி, சேவையை மீண்டும் இயக்கி, புதிய பேட்டரியைப் பொருத்தினேன். பொறி மற்றவர்களை ஏற்றுக்கொண்டது. கணக்கரை மட்டும் ஏற்கவில்லை.

இரண்டாவது குறைக்குரிய சாட்சி தலைமைப் பொறியின் பதிவேட்டில் இருந்தது. ஒரு பெயர் பூட்டப்பட்டால் 4740 என்ற எண்ணிட்ட குறிப்பு அங்கே பதிவாகும். எந்தக் கணிப்பொறியிலிருந்து வந்த தவறான முயற்சிகளால் பூட்டப்பட்டது என்பதும் அதில் இருக்கும். ஐந்து முறை தவறினால் பெயரைப் பூட்டுவது அந்நிறுவனத்தார் வகுத்த விதி. அடுத்த மேசைக் கணிப்பொறியிலிருந்தே அது நிகழ்ந்திருந்தது. நிகழ்ந்த நேரத்தில் கணக்கர் மேலாளரின் அறையில் நின்று விளக்கம் கூறிக்கொண்டிருந்தார்! பெரியவர் மறந்துவிட்டார் என்று நம்பிய இளைஞர் இருவர், உதவும் எண்ணத்துடன், அவர் பெயரில் தாமாகவே சில சொற்களை ஊகித்துத் தட்டிப் பார்த்திருக்கின்றனர். பதிவேட்டைக் காட்டியதும் அவர்களே முன்வந்து உண்மையைச் சொன்னார்கள். பூட்டு நீங்கியது. கணக்கர் அமர்ந்து தம் சொல்லை ஒரே முறை தட்டினார், கதவு திறந்தது. லுஹருக்குப் பாங்கு சொல்லும் முன்னர்க் கூலிப் பட்டியல் ஆம்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஓய்வு பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

கடிகாரம் ஒன்றே காரணமென்று கொள்ளலாகாது. வலைக்கம்பி கழன்றிருக்கலாம், 169.254 என்று தொடங்கும் முகவரியைப் பொறி தானே சூட்டிக்கொண்டிருந்தால் அதற்கு முறையான முகவரி கிட்டவில்லை என்று அறியலாம். டொமைனின் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டிய டி.என்.எஸ். அமைப்பில் அலுவலகத்துக்கு உரியதை விடுத்து வெளியாருடையதைக் குறித்திருக்கலாம். ஊரறியாதவனிடம் வீட்டு வழி கேட்ட கதையே அது. மனிதரைப் போலவே ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு; வழக்கமாக 30 நாளுக்கொருமுறை அது தானே மாற்றிக்கொள்ளும். பழைய நகலிலிருந்து பொறியை மீட்டெடுத்தால் பழைய சொல்லையே அது கூறும்; நம்பிக்கை உறவு முறிந்தது என்ற செய்தி வரும். உறவைப் புதுப்பித்தாலன்றி வழியில்லை.

இவற்றுள் ஒன்றேனும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் குற்றமாகுமா? ஆயினும் முதல் குற்றவாளியாக நிறுத்தப்படுபவர் அவரே. அதிலும் வயதானவரும் ஆங்கிலம் குறைந்தவரும் முந்தி நிறுத்தப்படுகின்றனர். ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறு அல் ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு அறிவுறுத்துகிறது. அந்த அறிவுரை வீட்டுக்கும் வீதிக்கும் மட்டும் உரியதன்று. கணிப்பொறி வைத்த அலுவலகத்துக்கும் உரியதே. திரையில் எழுதியிருப்பதை முழுமையாகப் படிப்பதும், பதிவேட்டைப் புரட்டிச் சாட்சியைக் கேட்பதும் ஐந்து நிமிட வேலைகள். கடிகாரம் பிழைபட்டால் கைந்நொடியில் திருத்திவிடலாம்; ஒரு மனிதரின் மானத்தில் விழுந்த கீறலை அவ்வாறு திருத்த இயலாது. பிறர்மீது தீர்ப்புக் கூறுமுன் ஆராய்ந்தறியும் பொறுமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!