செவ்வாய்க்கிழமைக் கோயில்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு என்னை முதன்முதல் கூட்டிக்கொண்டு போனது அம்மம்மா. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சைவக்காரி. வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகன், செவ்வாய்க்கிழமை அந்தோனியார். இதில் அவவுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. பக்கத்து வீட்டு ராத்தாவும் எங்களோடு வருவா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் ஒரு மெழுகுதிரி வாங்கி என் கையில் தருவா.

“நீ கொளுத்து மகன். நான் கேட்டது அவருக்குத் தெரியும்.”

தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்று பேர். ராத்தா தேடியது ஒரு தங்கக் காப்பை. கிடைத்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. உருகிய மெழுகு விரலில் சுட்டதும் அவ ஊதிவிட்டதுந்தான் ஞாபகம். அது எழுபதுகள். யார் நீ, எந்த மதம் என்று அந்த வாசலில் எவரும் கேட்டதில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோனிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் முஸ்லிம் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகளில் 260 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கோயில்களில் ஞாயிறு பூசை நின்றது. கர்தினால் தொலைக்காட்சியில் பூசை வைத்தார். மே 13இல், நோன்பு மாதத்தில், வடமேல் மாகாணத்துப் பள்ளிவாசல்களும் கடைகளும் உடைபட்டன. கெக்கிராவைக்குப் பக்கத்தில் மடாட்டுகமவிலோ, சந்தேகத்துக்கு ஆளான ஒரு பள்ளியை ஊர் முஸ்லிம்களே இடித்தார்கள். ஊரார் பார்வைக்குப் பயந்து தொழுகிற இடத்தைத் தாங்களே இடிக்கிற நிலை!

அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களிடம் அதைக் கண்டிருக்கிறேன். அந்த மே மாதம், பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அபாயாக்காரியின் பையை நானும் அப்படித்தான் பார்த்தேன். வெட்கக்கேடு. எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஜூன் 12இல் கோயிலைத் திரும்பத் திறந்தார்கள். அடுத்து வந்த ஒரு செவ்வாய் போனேன். வாசலில் பை சோதனை. ராத்தாவை வரச்சொல்லி முதல்நாளே போன் எடுத்திருந்தேன்.

“நான் வந்தா மத்த ஆக்களுக்குப் பயம், மகன்” என்றா.

அவ ஒருநாளும் முகம் மூடினவ இல்லை. இரண்டு வருடம் கழித்து மௌத்தானா. கடைசிவரை கொச்சிக்கடைப் பக்கம் வரவேயில்லை.